மூச் ஆட்டம்

அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் தங்கம் என்று தெருவில் பேர். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு ஐந்து. பகலில் அந்த வாசலைக் கடந்து போகிறவர்களிடம் உள்ளே இரண்டு குழந்தைகள் இருக்கின்றன என்று சத்தியம் செய்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு அமைதி. இந்தப் பேரை வாங்கிக் கொடுத்தவன் அவர்களுடைய அப்பன், ஒரு ஏ.சி. மெக்கானிக். எந்த விதத்தில் வாங்கிக் கொடுத்தான் என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. பெற்ற தாய்க்கே முழுசாகத் தெரியாது.

தாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து, குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தால் மதியம் இரண்டு மணி வரை அவளுக்குத் தூக்கம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இரவு யாருக்காவது மருந்தளவு தப்பிப் போய்விடுமோ என்று அவளுக்கே பயம். வீடோ இரண்டே அறை. மெக்கானிக் தன் தொழில் புத்தியையெல்லாம் அந்தத் தூக்கத்துக்காகச் செலவழித்தான். ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டினான். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டான். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கினான். அவள் போனைச் சைலண்டில் போட்டு அலமாரி இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் வைத்தான். மிச்சம் இருந்தது பிள்ளைகளின் வாய்தான். அதற்கு எண்ணெய் விட முடியாதே.

அதற்காகக் கண்டுபிடித்ததுதான் மூச் ஆட்டம். அப்பா உதட்டில் விரலை வைத்து 'மூச்' என்றால் ஆட்டம் ஆரம்பம். அதற்குப் பிறகு முதலில் வாயைத் திறப்பவர் அவுட். ஜெயித்தவருக்குச் சாயங்காலம் ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நிற்கும் இடம். முதலில் பத்து நிமிடம் தாங்கினார்கள், பிறகு அரை மணி, பிறகு ஒரு மணி. ஒளிந்துகொண்டால் பேசத் தோன்றாது என்று இளையவள் தானாகவே கண்டுபிடித்தாள். பீரோ இடுக்கில், கட்டிலுக்கடியில், அழுக்குத் துணிக் கூடையில் என்று எங்கே இடம் கிடைத்தாலும் புகுந்துகொள்வாள். வாண்டு என்று அவளைக் கூப்பிடுவது சும்மா இல்லை. பூனை நுழையாத இடத்தில் நுழைவாள். வார்டில் நர்ஸம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள், எங்க வீட்டுப் பிள்ளைங்க நான் தூங்கினா மூச்சுக் காட்டாது என்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு வார்டில் இரண்டு சாவு. அவள் வந்தபோது முகமே சரியில்லை. வீட்டையே காலி பண்ணிக் கொடுத்துவிடுவோம் என்று மெக்கானிக் பிள்ளைகளைக் குழந்தைகள் மியூசியத்துக்கு அழைத்துப் போனான். நல்ல எண்ணம்தான். அவனிடம் கெட்ட எண்ணம் என்று எதுவும் எப்போதும் இருந்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

டிக்கெட் வரிசை வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றது. பிள்ளைகள் இரண்டும் கத்திக்கொண்டும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டும் இருந்தபோது அவனுடைய சூப்பர்வைசர் போனில் வந்தார். ஒரு குளிர்பதனக் கிடங்கில் கம்ப்ரெசர் நின்று நின்று போகிறது, அங்கே இருக்கும் பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நீ போனிலேயே வழி சொல்லு என்றார். இரைச்சலில் அவர் சொல்வது பாதி காதில் விழவில்லை. மெக்கானிக் போனைக் கையால் மூடிக்கொண்டு, குனிந்து, உதட்டில் விரலை வைத்தான்.

"மூச்."

உடனே இரண்டும் அடங்கின. பின்னால் நின்ற ஓர் அம்மாள் அசந்துபோனாள். இவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை என்றாள். அவனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே உள்ளே போனான்.

உள்ளே ஒரு பெரிய கூடம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் பொம்மைக் காய்கறிக் கடை, ஒன்றில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், ஒன்றில் ஆள் நுழைந்து போகும் அளவுக்கு ஒரு வாய், பல் வரிசையோடு. நடுக்கூடத்தில் ஒரு மரக்கப்பல், பஸ் நீளம் இருக்கும். அரை மணிக்கு ஒருதரம் தானாக மணி அடித்து, ஐந்து நிமிடம் அந்தக் கப்பல் இடமும் வலமுமாக ஆடும். மேல்தளத்தில் நிற்கும் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். மெக்கானிக்குக்கு இதில் எதையும் நின்று பார்க்க நேரமில்லை. பிரஷர் எவ்வளவு காட்டுது, ஒயர் சூடா இருக்கா என்று போனில் கேட்டுக்கொண்டே பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தான். வாய்க்குள் போய் வந்தார்கள். காய்கறி வாங்கினார்கள். இரண்டும் சத்தமே போடவில்லை. ஆட்டம் முடிந்தது என்று சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. அமைதியாக இருக்கும் பிள்ளையை எந்தத் தகப்பன் போய் பேசு என்பான்?

கடைசியாகக் கம்ப்ரெசர் ஓடியது. போனைப் பையில் போட்டுவிட்டுத் திரும்பினான். பெரியவன் மட்டும் பக்கத்தில் நின்றான். கூடத்துச் சுவரில் மணி பதினொன்று இருபது.

வாண்டு எங்கே என்று கேட்டான். பையன் அவனை நிமிர்ந்து பார்த்தான், பதில் சொல்லவில்லை. சரி, இவனுக்கும் தெரியாது என்று எடுத்துக்கொண்டான். தண்ணீர் வாய்க்காலுக்குப் போய்ப் பார்த்தான். வாய்க்குள் தலையை விட்டுக் கூப்பிட்டான். காய்கறிக் கடையில் வேறு யாரோ ஒரு பெண் குழந்தை, அதே மஞ்சள் கவுன், அதே உயரம். ஓடிப்போய்த் தோளைத் தொட்டான், அது திரும்பிப் பார்த்து மிரண்டது. அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது தென்படுகிறார்களா என்று கூடத்துக்கு ஓடினான்.

பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி அங்கே வேலை பார்த்தாள். அவள் கெட்டிக்காரி, பதறவில்லை. நிறம், உடை, வயது எல்லாம் கேட்டுக்கொண்டு ஒலிபெருக்கியில் மூன்று தடவை கூப்பிட்டாள். வாசல் காவலரிடம் சொல்லிக் கதவை அடைக்க வைத்தாள். கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் ஆளுக்கு ஒரு அறையாகப் பார்த்தார்கள். அவரவர் பிள்ளையை இன்னொரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான்.

அவன் கப்பலிடம் போன நேரம் மணி அடித்தது, பதினொன்றரை. கப்பல் ஆட ஆரம்பித்தது. மேலே நின்ற பிள்ளைகள் கத்தின. ஒருவேளை அந்தக் கூட்டத்தில் இருப்பாளோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றான். பலகையைத் தட்டி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பக்கத்தில் நின்ற பெரியவன் சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பையன் அழப் போகிறான் என்று நினைத்து அவன் தலையைத் தடவிக் கொடுத்தான் அப்பன். கப்பல் வலது பக்கம் சாயும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு சின்னத் தட்டல் கேட்டது. அவன் காது தொழில் பழகிய காது. 'பேரிங் போயிருக்கு' என்று மனசு தன்பாட்டில் சொல்லிற்று. ஐந்து நிமிடமும் அதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றான்.

காவலர் உள்ளே போய்க் கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வயசானவர், சுற்றி வளைக்காமல் பேசுபவர்.

"வெளிய போகலைங்க. அது நிச்சயம். உள்ளதான் இருக்கா. ஆனா இவ்வளவு பேர் கூப்பிடறோம், ஒரு குரல் குடுக்க மாட்டேங்கறாளே. அதான் எனக்குச் சரியாப் படலை."

குரல் கொடுக்க முடியாத நிலையில் இருக்கிறாளோ என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுற்றி நின்றவர்கள் முகத்தில் அது எழுதியிருந்தது. அப்போதுதான் மெக்கானிக்குக்கு டிக்கெட் வரிசையும், போனை மூடிக்கொண்டு தான் குனிந்ததும், உதட்டில் வைத்த விரலும் நினைவுக்கு வந்தன.

ஒலிபெருக்கியை அந்தப் பெண் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினான். ஆட்டம் முடிஞ்சுது பாப்பா, வெளிய வா, நீதான் ஜெயிச்சே என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னான். இரண்டாம் முறையும் சொன்னான். எந்த மூலையிலும் ஒரு சலனமும் இல்லை. அப்போது பெரியவனின் முகத்தைப் பார்த்தான். ஒட்டிய உதடுகளின் ஓரத்தில் லேசாக ஒரு சிரிப்பு. நீங்க என்னை ஏமாத்த முடியாது என்கிற சிரிப்பு. பதினொன்று இருபதிலிருந்து பையன் பயத்தில் பேசாமல் இருக்கவில்லை. அவனும் ஆடிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். வீட்டில், ஒரு மணி நேரம் தாண்டினால் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிடும். தூங்குகிறவளுக்கோ இன்னும் மூன்று மணி நேரம் வேண்டும். அதற்கு அவன் ஒரு வேலை செய்வான். 'ஆட்டம் முடிஞ்சுது' என்பான். பிள்ளைகள் ஆவென்று வாயைத் திறந்ததும், 'அவுட்! நான் பொய்யா சொன்னேன்' என்று ஓசையில்லாமல் சிரிப்பான். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைகள் ஏமாறுவது நின்றதும் வேறு வேறு தந்திரம் பண்ணினான். ஒருநாள் விரலை நசுக்கிக்கொண்டது போலத் துடித்தான். ஒருநாள் கண்ணில் தண்ணீர் வரவழைத்து அழுதுகாட்டினான். வாண்டு அன்று 'அப்பா' என்று ஓடி வந்து அவுட் ஆனாள், சாயங்காலம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். அதோடு இரண்டும் கற்றுக்கொண்டன. அப்பா என்ன சொன்னாலும், என்ன பண்ணினாலும் ஆட்டம் முடிவதில்லை. அம்மா எழுந்து அறையை விட்டு வெளியே வந்தால்தான் முடியும்.

மெக்கானிக் பையன் முன்னால் மண்டி போட்டான். சத்தியமாக முடிந்துவிட்டது என்றான். சாமி மேல் ஆணை வைத்தான். பையன் இல்லை என்று தலையை ஆட்டினான். மெக்கானிக் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். கை ஓங்கினான், பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டானே தவிர உதட்டைத் திறக்கவில்லை. மெக்கானிக்குக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் பார்க்க, மூக்கு ஒழுக, நிஜமாகவே அழுதான். பையன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். இதையும் அவன் முன்பே பார்த்திருக்கிறான்.

இனி அவளை எழுப்ப வேண்டும். தெரிந்தும் போனை எடுக்கக் கை வரவில்லை. பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்வதைவிட, ஏன் அது குரல் கொடுக்கவில்லை என்று சொல்வதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. பிள்ளைகள் பிறவியிலேயே தங்கம் என்று நம்புகிறவள் அவள். இன்னும் ஒருதரம் தேடிப் பார்த்துவிடலாமே என்று நினைத்தான். வாய்க்கால் பக்கம் ஒரு சுற்று, கண்ணாடி அறையில் ஒரு சுற்று சுற்றி வந்தான். அப்படிப் போனது எட்டு நிமிடம். பின்னால் பல நாள் அந்த எட்டு நிமிடத்தை அவன் நினைத்துப் பார்த்திருக்கிறான்.

பதினொன்று ஐம்பத்து நான்குக்குக் கீழ்வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டான். இவன் போனுக்கு மனைவி எழ மாட்டாள், பெல்லும் அடிக்காது. எல்லாம் இவன் செய்து வைத்த ஏற்பாடு. மாடிக்குப் போய்க் கதவை உடைக்கிற மாதிரி தட்டுங்க அக்கா என்றான். அந்த அம்மாள் மாடிப்படி ஏறுகிற மூச்சு போனில் கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விலகவே விலகாது போல இருந்தது. கடைசியில் எண்ணெய் விட்ட கதவு சத்தமில்லாமல் திறந்திருக்க வேண்டும். திடீரென்று மனைவியின் குரல்.

"என்னங்க? யாருக்கு என்ன?"

"பெரியவன்கிட்ட தர்றேன். நீ எந்திரிச்சிட்டேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லு. அப்புறம் எல்லாம் சொல்றேன்."

ராத்திரியெல்லாம் இப்படிப்பட்ட குரல்களைக் கேட்டுப் பழகியவள். ஏன் என்று கேட்கவில்லை. மெக்கானிக் போனைப் பையனின் காதில் வைத்தான். அவள் ஏதோ சொன்னாள். பையன் கண்ணைத் திறந்தான். அரை மணி நேரத்துக்கு மேல் பேசாத தொண்டையிலிருந்து கரகரவென்று குரல் வந்தது.

"அம்மா, நீ நெசமாவே எந்திரிச்சிட்டியா? அப்போ நான் அவுட் இல்லை. பாப்பா கப்பலுக்கு அடியில இருக்கா. சின்னக் கதவு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள போனா. அப்புறம் கதவு தானா மூடிக்கிச்சு."

மெக்கானிக் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். பார்க்கும்போதே மணி அடித்தது.

அவன் ஓடிய ஓட்டத்தில் இரண்டு குழந்தைகள் கீழே விழுந்தன. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று கத்தினான். கப்பலை இயக்குகிறவன் சுவரோரம் நாற்காலியில் இருந்தான். இவன் கத்துவது புரிந்து அவன் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்குள் கப்பல் ஒருமுறை இடது பக்கமும் ஒருமுறை வலது பக்கமும் சாய்ந்துவிட்டது. வலது பக்கம் சாயும்போது அந்தத் தட்டல் மறுபடி கேட்டது. காலையில் கிரீஸ் வைத்துவிட்டு அந்தக் கதவைப் பூட்ட மறந்ததாக இயக்குகிறவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

கதவு முழங்கால் உயரம்தான். மெக்கானிக் படுத்து உள்ளே தலையை விட்டான். கிரீஸ் நாற்றம். எதிரே கை கனத்தில் ஓர் இரும்புத் தண்டு, கப்பலோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் போய் வருவது. அதன் முனைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்னச் செருப்பு, அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் மூலையில், மஞ்சள் கவுனோடு, அவள்.

உயிரோடுதான் இருந்தாள். கண்ணை அகலத் திறந்து அவனையே பார்த்தாள். இடது கால் பாதம் கறுத்து வீங்கியிருந்தது. முன்னங்கையை வாய்க்குள் திணித்திருந்தாள். சத்தம் வெளியே வராமல் இருக்கத் தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள்; பல் பதிந்த இடமெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது, ஓரிடத்தில் தோலே பெயர்ந்திருந்தது. முதல் ஐந்து நிமிடமும் அந்த இரும்பு போய் வந்தபோது, பலகைக்கு இந்தப் பக்கம் அப்பா தட்டிக் கூப்பிட்டபோது, அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள்.

அவளைக் கைகளுக்கு இடையில் வாங்கி வெளியே இழுத்தான். முடிஞ்சுதுடா, அழு, நல்லா சத்தம் போட்டு அழு என்றான். அவள் அழவில்லை. தாடை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, கையை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக அண்ணனைத் தேடினாள். பையன் போனைக் காதில் வைத்தபடியே கிட்டே வந்தான்.

"அம்மா எந்திரிச்சாச்சு பாப்பா," என்றான்.

அப்புறம்தான் அவள் கையை எடுத்தாள். அந்த மியூசியம் முழுக்க அந்த அழுகை கேட்டது. வாய்க்காலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டன.

முதலுதவி அறையில் படுக்க வைத்து, பச்சைச் சட்டைப் பெண் காலுக்கடியில் ஐஸ் வைத்தாள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றாள். மூலையில் பெரியவன் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே இருந்தான். மடை திறந்ததுபோல் பேச்சு. மூச் ஆட்டத்தைப் பற்றி, அப்பா பொய்யாக அவுட் ஆக்குவதைப் பற்றி, அப்பா நன்றாக அழுதுகாட்டுவார் என்பதைப் பற்றி. மெக்கானிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மகளின் நெற்றியைத் தடவினான். "ஒண்ணுமில்ல பாப்பா. டாக்டர் பார்த்தா கால் சரியாயிடும். முன்ன மாதிரியே ஓடலாம்," என்றான்.

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண், வாய், மறுபடி கண் என்று உன்னிப்பாகப் பார்த்தாள். பிறகு அண்ணனை நோக்கிக் கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான்.

"அம்மா," என்றாள், "அப்பா சொல்றது நெசமா?"